மௌனத்தை விரும்பும் பிள்ளை பள்ளியில் தாக்குப்பிடிப்பது எப்படி?

உனக்கு 13 வயதும் இருக்கலாம், 17 வயதும் இருக்கலாம். கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. இரவு வானத்தைப் பார்த்துவிட்டு வந்தால் பேச்சே எழுவதில்லை. இறந்தபின் என்ன, நான் என்பது யார், கடவுள் கேட்கிறாரா என்ற கேள்விகள் உன்னை விடுவதாக இல்லை. மறுநாள் காலை மணி அடிக்கிறது. வரிசை, கூச்சல், வருகைப்பதிவு, முக்கோணத்தின் பரப்பளவு, அடுத்த வாரம் தேர்வு என்ற அறிவிப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் அலைந்து நீ களைத்துப்போகிறாய்.

நான் பல ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவள். உன் வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன். பள்ளிக்கூடம் என் உள்வாழ்வைத் தின்றுவிடும் என்று பயந்து, 14 வயதிலிருந்து இரண்டு ஆண்டுகள் உடலை மட்டும் வகுப்புக்கு அனுப்பிவைத்தேன். பாடமும் வரவில்லை, தியானமும் கூடவில்லை. வகுப்பறைக்குள்ளேயே உள்வாழ்வுக்கு இடம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உன்னுடையது ஜபமோ, தொழுகையோ, தியானமோ, சமயம் எதையும் சாராத வெறும் மௌனமோ, எதுவானாலும் இந்தப் படிகள் பொருந்தும்.

படி 1: எது வலிக்கிறது என்று பிரித்துப் பார்

"பள்ளி எனக்கு ஒத்துவரவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் பல வலிகள் ஒளிந்துகொண்டிருக்கும். ஒரு சிறிய குறிப்பேடு வாங்கி, ஒரு வாரம் மட்டும், மனம் கசந்த ஒவ்வொரு நேரத்தையும் ஒரு வரியில் குறித்துவை. எந்த வேளை, எந்த இடம், அருகில் யார், உடம்பு எப்படி இருந்தது. விளக்கம் எழுதாதே, காரணம் தேடாதே.

வார முடிவில் படித்துப் பார்த்தால் அவை மூன்று வகையாகப் பிரியும். முதலாவது, கூச்சலும் வெளிச்சமும் நெரிசலும் தரும் களைப்பு. எலைன் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களில் இத்தகைய மிகை நுண்ணுணர்வைப் பற்றி எழுதத் தொடங்கினார். மக்களில் 15 முதல் 20 விழுக்காட்டினரிடம் இது பிறவியிலேயே இருப்பதாக அவர் மதிப்பிட்டார். இது நோயும் இல்லை, ஞானமும் இல்லை. நரம்புகள் அதிகமாக வாங்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான். இரண்டாவது, திருத்தக்கூடிய நடைமுறைத் துன்பம்: ஒருவரின் கேலி, பின்தங்கிவிட்ட ஒரு பாடம், உறக்கக் குறைவு. மூன்றாவதுதான் உண்மையான தாகம். எதைப் படித்தாலும் "இதற்கு அப்பால் என்ன" என்று கேட்கும் அந்த ஏக்கம்.

மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதற்கு "ஆன்மிகம்" என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் சரிசெய்ய முடியாது. என் மாணவி ஒருத்தி பாடம் நடக்கும்போதெல்லாம் கண்களை மூடிக்கொள்வாள். உலகப் பற்று விலகிக்கொண்டிருக்கிறது என்று அவளே மனதார நம்பினாள். கண் மருத்துவரிடம் போனபோதுதான், கரும்பலகை எழுத்துகள் அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்பது தெரிந்தது. கண்ணாடி போட்டபின் தலைவலி நின்றது. பிரார்த்தனையில் அவளுக்கிருந்த ஈடுபாடு நிற்கவில்லை, முன்பைவிடத் தெளிவானது. ஆகவே முதலில் கண், காது, உறக்கம், உடல்நலம் ஆகியவற்றைச் சரிபார்த்துவிடு.

படி 2: உறக்கத்தைத் தியாகம் செய்யாதே

இந்தத் தவறை எல்லோரும் செய்கிறார்கள். இரவு 11 மணி வரை வீட்டுப்பாடம், விடியற்காலை 4 மணிக்குத் தியானம். பத்து நாள் பெருமையாக இருக்கும். பதினோராம் நாளிலிருந்து எரிச்சல், அழுகை, வகுப்பில் உறக்கம்.

வளரிளம் பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது. சீக்கிரம் உறக்கம் வராதது உன் சோம்பல் அன்று, உடலின் இயல்பு. 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2016-இல் பரிந்துரைத்தது. முதலில் அந்த 8 மணி நேரத்தைக் கட்டிக் காப்பாற்று. பிறகு, எழுந்த உடனே 10 நிமிடம் உட்கார். கைபேசியைத் தொடுவதற்கு முன் உட்கார வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். விடுமுறை நாளில் நேரத்தை நீட்டிக்கொள்ளலாம்.

படி 3: மணியை உனக்காக அடிக்கவிடு

வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1982-இல் பிரான்சில் நிறுவிய ப்ளம் வில்லேஜ் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணியோசை கேட்டால் நடப்பவர் நிற்பார், பேசுபவர் பேச்சை நிறுத்துவார். எல்லோரும் மூச்சைக் கவனித்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்வார்கள். உன் பள்ளியிலும் ஒரு நாளைக்கு எட்டு அல்லது ஒன்பது முறை மணி அடிக்கிறது. இதுவரை அந்த ஓசை உன்னைத் துரத்தியது. இனி அது உன்னை உனக்கு நினைவூட்டட்டும்.

மணி அடித்ததும் செய்ய வேண்டியது இது. இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருப்பதை உணர். நான்கு எண்ணும் நேரம் மூச்சை உள்ளே இழு, ஆறு எண்ணும் நேரம் மெல்ல வெளியே விடு. இப்படி மூன்று முறை. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. உடல் தானாகச் செய்யும் வேலை இது, நம்பிக்கைகூடத் தேவையில்லை. ஜபம் செய்பவராக இருந்தால் வெளிமூச்சோடு உன் மந்திரத்தையோ இறைநாமத்தையோ சேர்த்துக்கொள். கண்ணை மூட வேண்டாம். உதடு அசைய வேண்டாம். அரை நிமிடம்தான், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடப் போவதில்லை.

பெரிய இடைவேளையை இரண்டாகப் பிரித்துக்கொள். முதல் பாதி நண்பர்களோடு. இரண்டாம் பாதி நூலகத்திலோ, மைதானத்தின் ஓரத்திலோ, ஆளில்லாத ஒரு படிக்கட்டிலோ தனியாக. முழு இடைவேளையையும் தனிமைக்குக் கொடுத்துவிடாதே. நானே அப்படிக் கொடுத்துவிட்டு, ஓராண்டு முடிந்தபோது பேச ஒரு ஆள்கூட இல்லாமல் நின்றேன்.

படி 4: பாடத்தையே பயிற்சியாக்கு

இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். மற்றப் படிகளை மறந்தாலும் இதை மறக்காதே.

சிமோன் வெய் என்று ஒரு பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் இருந்தார். 1909-இல் பிறந்து 1943-இல், 34 வயதிலேயே மறைந்தவர். பள்ளி ஆசிரியையாகவும் வேலை பார்த்தவர். அவருடைய அண்ணன் ஆந்திரே கணிதத்தில் மேதை. அண்ணனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்து, தனக்கு எந்தத் திறமையும் இல்லை என்று 14 வயதில் மிக ஆழமான விரக்தியில் விழுந்தார் சிமோன். பல மாதங்கள் அந்த இருட்டில் கிடந்தபின் ஒரு உறுதி அவருக்குள் பிறந்தது: உண்மையை விரும்பி, இடைவிடாமல் கவனத்தைச் செலுத்துகிற எவருக்கும் அந்த வாசல் திறக்கும், மேதைமை அதற்குத் தேவையில்லை.

1942-இல் அவர் பள்ளிப் படிப்பைப் பற்றி எழுதினார். பிரார்த்தனை என்பது முழுக் கவனம். பள்ளிப் பாடங்கள் அந்தக் கவனத்தை வளர்க்கும் களம். ஒரு வடிவியல் கணக்கோடு ஒரு மணி நேரம் உண்மையாகப் போராடி விடை கிடைக்காமல் போனாலும், அந்த உழைப்பு வீணாவதில்லை, அதன் ஒளி வேறொரு நாள் வேறோரிடத்தில் விழும் என்பது அவர் கருத்து. நான் இதைப் படித்தது ஆசிரியையான பிறகுதான். 14 வயதிலேயே படித்திருக்கக் கூடாதா என்று அன்று அழுதேன்.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது? உனக்குப் பிடிக்காத ஒரு பாடத்தை எடுத்துக்கொள். பிடித்த பாடத்தில் கவனம் தானே வரும், அதில் பயிற்சி குறைவு. 25 நிமிடம் ஒதுக்கு. ஒரே ஒரு கணக்கு, அல்லது ஒரே ஒரு பத்தி. தொடங்கும் முன் ஒரு மூச்சு. மனம் விலகும்போது, தியானத்தில் மூச்சுக்குத் திரும்புவதைப் போலவே, அந்தக் கணக்குக்குத் திரும்பு. புருவத்தைச் சுளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவது கவனம் ஆகாது; தசைகள் களைக்கும், அவ்வளவுதான். கவனம் என்பது காத்திருப்பது. கணக்கு என்ன கேட்கிறது என்று அதன் வாயிலிருந்தே வரட்டும் என்று பொறுத்திருப்பது.

அடுத்தது இன்னும் கடினமானது. ஆசிரியர் திருத்திக் கொடுத்த விடைத்தாளை மடித்து வைத்துவிடாமல், தவறுகளை ஒவ்வொன்றாக, மெதுவாகப் பார். எந்த வரியில் வழி தவறினாய் என்று கண்டுபிடி. சாக்குச் சொல்லாதே, உன்னை நீயே திட்டாதே. சிமோன் வெய் இதையும் வலியுறுத்தினார். பணிவை இதைவிட நேராகக் கற்கும் வழி வேறில்லை என்பது என் அனுபவமும்கூட. சிவப்பு மை நிறைந்த ஒரு தாளைப் பத்து நிமிடம் அமைதியாகப் பார்க்க முடிந்த பிள்ளை, எந்த ஆசிரமத்திலும் பாதி வழி வந்துவிட்ட பிள்ளை.

உலகியல் பாடம் உன்னை உன் தேடலிலிருந்து விலக்கிவிடும் என்ற பயமும் வேண்டாம். கல்கத்தாவில் கல்லூரி மாணவராக இருந்த நரேந்திரன், தட்சிணேசுவரத்தில் வாழ்ந்த ராமகிருஷ்ணரைப் பற்றிக் கேள்விப்பட்டது ஓர் ஆங்கிலக் கவிதை வகுப்பில். வேர்ட்ஸ்வொர்த்தின் வரிகளில் வந்த பரவச நிலையை விளக்கிய கல்லூரி முதல்வர் வில்லியம் ஹேஸ்டி, அப்படிப்பட்ட ஒருவரைப் பார்க்க விரும்பினால் தட்சிணேசுவரம் போங்கள் என்றார். அந்த மாணவர்தான் பின்னாளில் விவேகானந்தர். குருவைக் கண்டபின் அவர் கல்லூரியை விட்டு ஓடிவிடவில்லை, 1884-இல் பி.ஏ. தேறினார்.

அறிவியல் வகுப்பில் உன் நம்பிக்கைக்கு மாறான ஒன்றைச் சொன்னால் உடனே எழுந்து வாதாட வேண்டாம். காதை மூடிக்கொள்ளவும் வேண்டாம். அறிவியல் எந்தச் சான்றை வைத்து அப்படிச் சொல்கிறது என்று முழுமையாகக் கற்றுக்கொள். எழும் கேள்வியைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவை. சில கேள்விகளுக்கு இரண்டு ஆண்டு கழித்து விடை வரும்.

படி 5: மதிப்பெண்ணை அதன் அளவில் வை

மதிப்பெண் அந்தத் தாளை அளக்கிறது, உன்னை அளக்கவில்லை. அதே நேரம், மதிப்பெண்ணை இகழ்வதிலும் ஓர் அகந்தை உண்டு. எந்தப் பாடத்தில் எவ்வளவு வேண்டும் என்று வீட்டாரோடு பேசி முடிவு செய், அதற்கான மணி நேரத்தைக் கொடு, பிறகு அதை விட்டுவிடு. தேர்வுக்கு முன்தினம் தியானத்தை நீட்டாதே. வழக்கமான 10 நிமிடம் போதும்.

படி 6: காட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

புதிதாகத் தியானம் தொடங்கிய பிள்ளை செய்யும் முதல் தவறு, நண்பர்களுக்கு உபதேசம் செய்வது. இரண்டாவது தவறு, அவர்கள் சிரித்ததும் அவர்களை மனத்துக்குள் தாழ்த்துவது. விளையாட்டைப் பற்றியும் உடையைப் பற்றியும் பேசும் அந்தப் பையனுக்குள்ளும் இரவு 2 மணிக்கு உன்னைப் போன்றே கேள்விகள் எழுகின்றன. அவன் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

யாராவது கேட்டால் சொல்ல ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள். "எனக்குக் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தால் நன்றாக இருக்கிறது" என்பது போதும். அதில் பொய்யும் இல்லை, பெருமையும் இல்லை. மனம்விட்டுப் பேச ஒரே ஒரு நண்பர் கிடைத்தால் கொடுத்துவைத்த பிள்ளை நீ.

சீண்டல் வேறு, கொடுமை வேறு. ஒருநாள் கேலி தானாக அடங்கும். அதே ஆட்கள், திரும்பத் திரும்ப, உன்னைத் தனிமைப்படுத்தியோ பயமுறுத்தியோ நடந்துகொண்டால், பொறுமையைத் தவம் என்று நினைத்து வாய்மூடி இருக்காதே. சிறுமலர் என்று கத்தோலிக்கர்கள் போற்றும் புனித தெரேசா, எட்டரை வயதில் லிசியே நகரத்துப் பள்ளியில் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் படித்தார். வயதில் மூத்த ஒரு மாணவியின் பொறாமைக்கு ஆளாகி, யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தார். தன் வாழ்வின் மிகத் துயரமான ஆண்டுகள் அவை என்று பின்னாளில் எழுதினார். அந்தக் குழந்தை யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். தேதி, இடம், நடந்தது ஆகியவற்றைக் குறித்துவைத்து, வகுப்பாசிரியரிடமும் வீட்டிலும் சொல்.

பிறர் துயரம் உனக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. தோழி அழுதால் அன்று முழுவதும் உன் நெஞ்சும் கனக்கும். அப்போது உன்னையே கேள்: "இந்தப் பாரம் என்னுடையதா, அவளுடையதா?" அவளுடையது என்றால் அவளுக்காக ஒரு நிமிடம் பிரார்த்தித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வா. அவளோடு உட்காரலாம், அவளாக மாறிவிட வேண்டியதில்லை.

படி 7: பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது

பெற்றோரிடம் "எனக்குப் படிப்பில் பற்றில்லை" என்று தொடங்கினால் அவர்கள் காதில் விழுவது ஒன்றுதான்: பிள்ளை கையைவிட்டுப் போகிறது. அந்தப் பயத்துக்குப் பின்னால் அன்பு இருக்கிறது. ஆகவே ஏக்கத்தைச் சொல்வதற்கு முன் ஏற்பாட்டைச் சொல். "அப்பா, காலையில் பத்து நிமிடம் தனியாக உட்கார ஆசைப்படுகிறேன். பள்ளிக்குத் தாமதமாகாது. இந்தத் தேர்வு வரை செய்துபார்க்கிறேன், பிறகு நீங்களே பாருங்கள்." இப்படிக் கேட்ட பிள்ளைக்கு மறுப்புச் சொன்ன தகப்பனை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆசிரியரிடம் கேட்கும்போது சிறியதாக, தெளிவாகக் கேள். "எனக்குப் பள்ளி பிடிக்கவில்லை" என்றால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. "கூச்சல் அதிகமானால் எனக்குத் தலைவலி வருகிறது, இடைவேளையில் நூலகத்தில் இருக்கலாமா?", "முன்வரிசை ஓரத்தில் உட்காரலாமா?" என்றால் அவரால் அன்றே முடிவு சொல்ல முடியும். முதலில் கேட்டவர் மறுத்தால் சோர்ந்துவிடாதே. ஆலோசகரையோ, உனக்குப் பிடித்த வேறோர் ஆசிரியரையோ அணுகு. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, சிந்தனை, மனச்சாட்சி, சமயம் ஆகியவற்றில் குழந்தைக்குள்ள சுதந்திரத்தை அங்கீகரிக்கிறது. அதில் வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்றும் சொல்கிறது. சட்டத்தை எடுத்து வீச வேண்டாம். உன் தேவை வெட்கப்பட வேண்டிய ஒன்றில்லை என்று நீ தெரிந்துகொண்டால் போதும்.

படி 8: எல்லாவற்றையும் விட்டுப் போய்விடலாம் என்று தோன்றும்போது

தோன்றும். கட்டாயம் தோன்றும். 1896-இல் 16 வயது வேங்கடராமன் பள்ளிப் படிப்பை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியான வரலாறு உன்னை உலுக்கியிருக்கலாம். என்னையும் உலுக்கியது. ஆனால் அதே ரமணர், வீட்டைத் துறக்கலாமா என்று தன்னிடம் கேட்க வந்தவர்களுக்கு என்ன சொன்னார் என்பதையும் படி. வீட்டை விட்டாலும் மனம் கூடவே வரும், இடத்தை மாற்றுவதால் எதுவும் மாறாது என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறாதே. வெளியே உன் வயதுப் பிள்ளைக்குக் காத்திருப்பது பெரும்பாலும் குகையும் மலையும் இல்லை, ஆபத்து.

பள்ளி உண்மையிலேயே பொருந்தவில்லை என்றால் வேறு வகைப் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளியை வெறுத்த சிறுவனாக இருந்த ரவீந்திரநாத் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் நடக்கும் பள்ளியைத் தொடங்கினார். மந்தமான மாணவன் என்று ஆசிரியரிடம் அடிபட்டு, பின்னாளில் தத்துவச் சிந்தனையாளரான ஜிட்டு கிருஷ்ணமூர்த்தியின் பெயரில் இன்று இந்தியாவிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளிகள் நடக்கின்றன. வீட்டுவழிக் கல்வியும் ஒரு வழிதான். ஆனால் ஜெர்மனி போன்ற சில நாடுகளில் அதற்கு அனுமதி இல்லை. மாறுவதானால் குடும்பத்தோடு பேசி, ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகு மாறு. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எடுக்கும் முடிவை நம்பாதே.

இந்த அடையாளங்கள் தெரிந்தால் உடனே உதவி கேள்

இதை இன்னொரு படியாக எண்ணாமல், கதவில் ஒட்டிவைக்கும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள். பல இரவுகள் உறக்கம் இல்லாமலே களைப்புத் தெரியாமல் இருப்பது. உனக்குக் கட்டளையிடும் குரல்கள் கேட்பது. உலகத்தைக் காக்க நீ மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாய் என்ற எண்ணம் விடாமல் துரத்துவது. விரதம் என்ற பெயரில் உடல் மெலிந்துகொண்டே போவது. எல்லாம் வெறுமை, வாழ வேண்டாம் என்று தோன்றுவது. இவற்றில் எது வந்தாலும் நீண்ட தியானத்தை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லி மருத்துவரைப் பார். இதனால் உன் பக்தி குறைந்துவிடாது. முதலில் சொன்னவர் பொருட்படுத்தவில்லை என்றால் இரண்டாமவரிடம் சொல், மூன்றாமவரிடம் சொல்.

இன்னொன்று. "இதை உன் பெற்றோரிடம் சொல்லாதே" என்று எந்த ஆன்மிக வழிகாட்டி சொன்னாலும், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அங்கிருந்து விலகு. பணம் கேட்பவர், புகைப்படம் கேட்பவர், தனியாகச் சந்திக்க அழைப்பவர், நண்பர்களைத் துறக்கச் சொல்பவர் எல்லோரும் இந்தக் கணக்கில்தான் சேர்வார்கள். நுண்ணுணர்வுள்ள பிள்ளைகளைத்தான் இவர்கள் முதலில் அடையாளம் காண்கிறார்கள்.

முதல் மாதத்துக்கு ஒரு திட்டம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதே. முதல் வாரம் குறிப்பேடு மட்டும். இரண்டாம் வாரம் உறக்கத்தைச் சரிசெய்து, காலை 10 நிமிடத்தைச் சேர். மூன்றாம் வாரம் மணியோசையோடு மூன்று மூச்சு. ஒரு நாளில் எட்டு முறை அடிக்கும் மணியில் இரண்டு முறை நினைவு வந்தாலே நல்ல தொடக்கம். நான்காம் வாரம், பிடிக்காத பாடத்தில் ஒரு கணக்கு, 25 நிமிடம். அந்தக் கணக்குக்கு விடை வராமல் போனால் தாளைக் கிழித்துவிடாதே. மறுநாள் எடுத்துக்கொண்டுபோய் உன் ஆசிரியரிடம் காட்டு, எந்த வரிவரை வந்தாய் என்று சொல்.